பாதி நாரை

"எடுத்துட்டுப் போயிடுங்க. அது என் தராசுல ஏறாது."

உப்புக்கடை தோரா இப்படிச் சொன்னதும் மோசுகேவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காலையிலிருந்து இது ஐந்தாவது கடை. யாராவது தன் கையில் துளி தங்கம் வைக்க மாட்டார்களா என்று பிறந்ததிலிருந்து ஏங்கியவன் அவன். இன்று அவனே தங்கத்தை நீட்டுகிறான், கடைத்தெரு மொத்தமும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது.

"எசமான், ஊர்ல எல்லாரும் ஒரே நாள்ல சாமியாராப் போயிட்டாங்களா? தங்கத்தை வேண்டாம்ங்கிறாங்க!"

அவனுடைய எசமான் சகாகி உகோனால் வாயைத் திறக்க முடியவில்லை. கடைவாய்ப் பல் வீங்கி, தாடையைச் சுற்றித் துணி கட்டியிருந்தார். கசகாமி பிரபுவின் துப்பறியும் அதிகாரி அவர். வாசற்படியில் ஏறாமல் தெருவிலேயே நின்றுகொண்டு, கண்ணில் பட்ட எல்லோரையும் பொதுவாக முறைத்துக்கொண்டிருந்தார்.

முறைப்புக்குக் காரணம் இருந்தது. ஐந்து நாட்களுக்கு முன் எதிரியின் ஆட்கள் முப்பது பேர் ஆற்றங்கரைக் கோட்டைக்குள் படகு வாசல் வழியாக நுழைந்து, வெடிமருந்துக் கிடங்கைக் கொளுத்திவிட்டுப் போனார்கள். நம் பக்கம் பதினொரு பேர் செத்தார்கள். கதவை யாரும் உடைக்கவில்லை, உள்ளிருந்து தாழ்ப்பாள் நீக்கப்பட்டிருந்தது. அன்று அங்கே காவல் நின்றவன் கொரோகு என்ற காலாட்படைக்காரன். அவன் குடிசையைச் சோதித்தபோது அரிசிப் பானைக்குள் இந்தத் தங்கத் துண்டு கிடைத்தது. இன்று மாலை, சூரியன் சாயும் சேவல் நேரத்து மணி அடித்ததும் அவனை ஆற்றங்கரையில் கம்பத்தில் கட்டி ஈட்டியால் குத்தப் போகிறார்கள். அதற்குள் லஞ்சம் கொடுத்தவன் யார் என்று கண்டுபிடித்தாக வேண்டும் என்பது பிரபுவின் கட்டளை. கொரோகுவோ, "கதவைத் திறந்தது நான்தான்" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை பேச மறுத்துவிட்டான்.

ஆக, கையில் இருந்த ஒரே துப்பு இந்தத் துண்டுதான். பெருவிரல் நகத்தளவு இருக்கும். போரில் நன்றாகச் சண்டை போட்ட வீரர்களுக்குப் பிரபு தங்கத் தகடு பரிசளிப்பார். இலை வடிவத்தில் சுத்தியலால் தட்டிய தகடு, நடுவே கசகாமி வம்சத்தின் நாரை முத்திரை. பணம் வேண்டும்போது உளியால் ஒரு துண்டு வெட்டிச் செலவழித்துக்கொள்ள வேண்டியதுதான். பானையில் கிடைத்த துண்டில் நாரையின் இரண்டு காலும் வாலும் அரை இறக்கையும் மட்டும் இருந்தன. மீதி நாரை எவன் வீட்டில் இருக்கிறதோ அவன்தான் ஆள். இப்படிக் கணக்குப் போட்டு, தகடு பரிசு வாங்கிய முப்பத்தொரு வீட்டுக் கதவையும் உகோன் இரண்டு நாளில் தட்டினார். முப்பத்தொரு வீட்டிலும் அவமானப்பட்டதுதான் மிச்சம். எல்லாத் தகட்டிலும் நாரை அலகிலிருந்து நகம் வரை முழுசாக நின்றுகொண்டிருந்தது. இது போன்ற துண்டு யார் கையிலாவது புழங்குகிறதா என்று பார்க்கத்தான் இன்று காலையிலிருந்து கடை கடையாக நீட்டிக்கொண்டிருந்தார்கள்.

"துரோகி காசுன்னு பயப்படறியா, தோராக்கா?" என்றான் மோசுகே.

"பயமா? எதிரி நாட்டுலேர்ந்து உப்பு மூட்டை கடத்திட்டு வர்றவடா நான். எனக்கு என்ன பயம்?" சொன்ன பிறகுதான் வாசலில் நிற்பது யார் என்று அவளுக்கு உறைத்தது. "ஐயோ! அவரு காதுல விழுந்துச்சா?"

"பல்வலியில அவருக்கு ஒண்ணும் விழாது. நீ மேல சொல்லு."

"காசு யாரோடதுன்னு நான் பாக்கறதில்ல. வெட்டு எங்க விழுந்திருக்குன்னு பாப்பேன். இது நாரை மேலயே விழுந்திருக்கு பாரு."

"விழுந்தா என்ன?"

"விழுந்தா செலவாகாது. எல்லாரும் தகட்டோட ஓரத்து நுனியிலேர்ந்துதான் வெட்டுவாங்க. அது வெறும் தங்கம். எடை போட்டேன், உப்பு குடுத்தேன், சோலி முடிஞ்சுது. முத்திரை வெட்டுப்பட்ட துண்டுன்னா நான் தங்கப் பட்டறைக்குத் தூக்கிட்டு ஓடணும். யார் குடுத்தாங்கன்னு பேர் சொல்லணும். குடுத்தவன் எங்கேர்ந்து வாங்கினான்னு அவனையும் கூப்பிட்டுக் கேப்பாங்க. இந்தத் தலைவலியை எந்த மடையன் இழுத்துப்பான்? இருபது வருஷமா கடை வெச்சிருக்கேன். இப்படி ஒரு துண்டை இன்னிக்குத்தான் கண்ணால பாக்கறேன்."

"முன்னாடி நாலு கடையில ஒருத்தனும் இதைச் சொல்லலையே!"

"நீ கேட்டியா?"

மோசுகே கேட்கவில்லை. துரோகத்துக்குப் பயந்துதான் எல்லோரும் ஒதுங்குகிறார்கள் என்று அவனாகவே முடிவு கட்டி, நாலு கடையிலும் கையைக் காலை ஆட்டிச் சண்டை போட்டுவிட்டு வந்திருந்தான்.

"என்கிட்ட கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பேனே" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

கொரோகுவின் மனைவி குமே. இரண்டு நாளாகப் பத்தடி இடைவெளி விட்டு இவர்கள் பின்னாலேயே நடந்துகொண்டிருப்பவள். அழுவதில்லை, கெஞ்சுவதுமில்லை. இவர்கள் ஏதாவது கதவைத் தட்டிவிட்டு வெறுங்கையோடு திரும்பும்போதெல்லாம் உதட்டைப் பிதுக்குவாள். அந்தப் பிதுக்கல் மோசுகேவை முப்பத்தொரு அவமானத்தைவிட அதிகமாகக் குத்தியது.

"துண்டைக் கண்டெடுத்தாங்கன்னு சொன்னீங்களே தவிர என்கிட்ட யாரு காட்டினது?" என்றாள் குமே. "இதை வெச்சு ஒரு முள்ளங்கி வாங்க முடியுமா ஐயா? இதுக்காகவா என் வீட்டுக்காரரு கதவைத் திறப்பாரு?"

உகோன் தாடைத் துணியை அவிழ்த்தார். பேசப் போகிறார் என்று அர்த்தம். வலிக்கும் என்று தெரிந்தும் பேசுகிறார் என்றால் ஏதோ சிக்கிவிட்டது.

"டேய் மோசுகே. லஞ்சம் குடுக்கறவன் செலவாகாத காசைக் குடுப்பானா?"

"மாட்டான்."

"வாங்கறவன் வாங்குவானா?"

"நானே வாங்க மாட்டேன் எசமான்."

"அப்ப இதை யாரும் யாருக்கும் குடுக்கல. நாம எடுக்கணும்னே பானைக்குள்ள போட்டிருக்காங்க. போட்டவன், ஆயுசுல ஒரு தடவைகூடக் கடைப் படி ஏறி உப்பு வாங்காதவன்."

"அப்படிப் பாத்தா சந்தேகத்துல மொத ஆளு நீங்கதான்."

உகோன் முறைத்தார், ஆனால் மறுக்க வழியில்லை. வாள் கட்டியவன் கடையில் நின்று பேரம் பேசுவது கேவலம் என்று சொல்லி வளர்க்கப்பட்ட ஜாதி. அவருக்குக் கிடைத்த ஒரே ஒரு தகடு இன்னும் வீட்டுச் சாமி மாடத்தில் வெட்டுப்படாமல் இருக்கிறது. பார்லிக் கஞ்சியைக் குடித்துவிட்டுத் தினம் அதைக் கும்பிட்டுக்கொண்டிருக்கிறார். மோசுகேவுக்கு அதில் நிரந்தர வருத்தம் உண்டு.

"வெட்டைப் பாரு" என்றார் உகோன். "ஒரே அடி, நட்ட நடுவுல. கை தவறி விழுந்தது இல்ல. நாரையை வெட்டணும்னே வெட்டியிருக்கான். யாருடா நாரையை வெட்டுவான்?"

"அதைப் பட்டறையிலதான் கேக்கணும்" என்றாள் தோரா, உப்பை மூடிக்கொண்டே. "சீக்கிரம் போங்க. சேவலுக்கு முந்தின குரங்கு நேரத்து மணி அடிச்சு எவ்வளவோ நேரமாச்சு."

சேவல் நேரத்துக்கு இனி அதிக அவகாசம் இல்லை. மூன்று பேரும் ஓடினார்கள்.

தங்கப் பட்டறை வாசலில் காவலாளி குமேவை நிறுத்திவிட்டான். உள்ளே இருபது சுத்தியல்கள் ஒன்றை ஒன்று முந்திக்கொண்டு தட்டிக்கொண்டிருந்தன. தலைமைத் தட்டான் ஜின்னாய் குள்ளமான மனிதர், அனலில் புருவம் பொசுங்கி முகம் மொட்டையாகத் தெரிந்தது. உகோன் துண்டை நீட்டியதும் அவர் கையிலிருந்த சுத்தியல் பாதியில் நின்றது.

"எங்க கிடைச்சுது?"

"கொரோகுவோட அரிசிப் பானையில."

"இதுவா அது?" ஜின்னாய் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு இருவரையும் துருத்திக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனார். மடியிலிருந்து உரைகல்லை எடுத்துத் துண்டை ஒரு இழுப்பு இழுத்தார். கோடு வெளிறிப்போய் விழுந்தது. "மாற்று குறைச்சல். புதுச் சுரங்கத்துத் தங்கம், வெள்ளி கலந்து வருது. முத்திரை குத்தினப்புறம் கடைசியா ஒரு தடவை உரைச்சுப் பாப்போம். தேறலைன்னா நாரையை நானே ரெண்டா வெட்டிடுவேன். வெட்டின நிமிஷமே அது செத்த தங்கம். அப்படி ஒண்ணு இருந்ததாவே நாங்க பேச மாட்டோம். அன்னிக்கே ரெண்டு பாதியும் உலை மேல இருக்கற மூசைக்குள்ள, அந்த மண்குடுவைக்குள்ள போய் உருகிடணும்."

"இதை எப்ப வெட்டினீங்க?"

"கோட்டை எரிஞ்ச மறுநாள்."

"மூசைக்குள்ள போச்சா?"

"போச்சு."

"அப்ப நாங்க கொண்டு வந்திருக்கறது என்ன, அதோட ஆவியா?" என்றான் மோசுகே.

ஜின்னாய் உரைகல்லைத் துடைத்தார். ஏற்கெனவே துடைத்த கல்லை மறுபடி துடைத்தார். மோசுகேவுக்கு அவருடைய கழுத்தைப் பிடித்து உலுக்கலாம் போல இருந்தது. வெளியே ஒருத்தி நிற்கிறாள், ஆற்றங்கரையில் கம்பம் நட்டாயிற்று, இந்த மனிதர் கல்லைத் துடைத்துக்கொண்டிருக்கிறார்.

"மூசைக்குள்ள போட்டது யாரு? நீங்களா?" என்று உகோன் கேட்டார்.

"வெட்டறது என் வேலை. உருக்கறதுக்கு முன்னாடி மூடி போட்டு முத்திரை வைக்கறவரு வேற. போடறதும் அவரு கைதான்."

"பேரு?"

ஜின்னாயின் குரல் சுத்தியல் சத்தத்தில் பாதி அமுங்கிப்போனது. "மந்திரி நகாடோ."

மோசுகே வாயைப் பிளந்தான். கொரோகுவுக்குத் தண்டனை விதித்தவரே மந்திரி நகாடோதான்.

"ரெண்டு பாதியையும் கையில வாங்கினாரு" என்றார் ஜின்னாய். "மூசை மேல கையைக் கவுத்தாரு. உள்ள விழுந்த சத்தம் கேட்டுச்சு. விழுந்தது ஒண்ணா ரெண்டான்னு நான் பாக்கல. மந்திரி கையை விரிச்சுக் காட்டுங்கன்னு சொல்ற தைரியம் எவனுக்கு இருக்கு?"

உகோன் கண்ணை மூடிக்கொண்டார். "செலவாகுமா ஆகாதான்னு அவருக்கு எப்படித் தெரியும்? மந்திரி என்னிக்கு உப்பு வாங்கினாரு? காணாமப் போனா யாரும் தேடாத தங்கம் அவருக்கு வேண்டியிருந்துது, கைக்குக் கிடைச்சுது, எடுத்துட்டாரு. டேய், படகு வாசலுக்குக் காவல் தலைவன் யாரு?"

"மந்திரியோட பையன் ஷின்சோ. அன்னிக்குக் காய்ச்சல்ல படுத்திருந்தாருன்னு..." மோசுகே பாதியில் நிறுத்திவிட்டான்.

"காய்ச்சல்னு சொன்னது யாரு?"

"அவங்க அப்பாதான்."

உகோன் துண்டைத் தட்டானிடமிருந்து திரும்ப வாங்கிக்கொண்டார்.

"ஜின்னாய், இதை மந்திரி எதிர்ல சொல்வீங்களா?"

"மாட்டேன். எனக்கு மூணு பொண்ணுங்க இருக்கு. கேட்டா, நீங்க இங்க வரவே இல்லைன்னு சொல்லுவேன்."

"சரி. இந்தத் துண்டையாவது திரும்ப வாங்கிக்கோங்க."

"எந்தத் துண்டை?" என்றார் ஜின்னாய், உகோனின் உள்ளங்கையில் இருந்த தங்கத்தை நேராகப் பார்த்துக்கொண்டே. "இல்லாததை நான் எப்படி வாங்கறது?"

மோசுகே கெட்ட வார்த்தை ஒன்றை மெதுவாகச் சொன்னான். உகோனோ இரண்டு நாளில் முதல் தடவையாகச் சிரித்தார். உடனே தாடையைப் பிடித்துக்கொண்டு "ஆ!" என்று முனகினார்.

ஆற்றங்கரைக்கு இறங்கும் பாதை முழுக்க மோசுகே புலம்பிக்கொண்டே வந்தான்.

"கண்டுபிடிச்சாச்சு, சரி. கண்டுபிடிச்சு என்ன பண்ண? பிரபு மலைக்கோட்டையில உக்காந்திருக்காரு, ஏறவே பாதி நாள் ஆகும். சாட்சி சொல்ல வேண்டிய ஆளு கல்லைத் துடைக்கறாரு. நாம போய் மந்திரி மேல கையை நீட்டினா அந்தக் கம்பத்துக்குப் பக்கத்துல இன்னும் ரெண்டு கம்பம் நடுவாங்க. உங்களுக்கு உசரமா ஒண்ணு, எனக்குக் குட்டையா ஒண்ணு."

"வாயை மூடிட்டு நட."

"நான் வாயை மூடினா உங்களுக்குப் பல்வலி ஞாபகம் வரும். அதுக்குத்தான் பேசறேன்."

குமே அவர்களுக்கு முன்னால் நடந்துகொண்டிருந்தாள். உகோன் நடந்ததையெல்லாம் அவளிடம் மறைக்காமல் சொல்லியிருந்தார். அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "மணி அடிக்கறதுக்குள்ள போயிடுவோமா?"

போய்விட்டார்கள். மணல் மேட்டில் கம்பம் நின்றது, கொரோகு அதில் கட்டப்பட்டிருந்தான். தலை தொங்கியிருந்தது. இரண்டு பக்கமும் ஈட்டிக்காரர்கள். எதிரே மடக்கு நாற்காலியில் மந்திரி நகாடோ விசிறியோடு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் எழுத்தர் ஒருவர் தூரிகையும் மையுமாகத் தயாராக இருந்தார்.

"என்ன உகோன், லஞ்சம் குடுத்தவன் கிடைச்சானா?"

உகோன் மணலில் மண்டியிட்டுத் தலை குனிந்தார். "இல்லை மந்திரி ஐயா. தோத்துட்டேன்."

மோசுகே தலையில் கை வைத்துக்கொண்டான். குமே கம்பத்தை நோக்கி ஓரடி வைத்தாள்.

"வருத்தம்தான். பரவாயில்ல, உம்ம மேல தப்பில்ல" என்றார் நகாடோ. அவர் முகத்தில் வருத்தம் என்பது மருந்துக்கும் இல்லை.

"ஒரே ஒரு சம்பிரதாயம் பாக்கி இருக்கு. குற்றவாளிகிட்ட எடுத்த தங்கத்தைத் தண்டனைக்கு முன்னாடி பட்டறையில ஒப்படைக்கணும். கொண்டு போனேன். வாங்க மாட்டேங்கறாங்க."

"ஏனாம்?"

"இது செத்த தங்கமாம். நாலு நாளைக்கு முன்னாடியே மூசையில உருகிடுச்சாம். மூடி போட்டு முத்திரை வெச்சது நீங்களாம்." உகோன் துண்டை உள்ளங்கையில் வைத்து நீட்டினார். அவருடைய குரல் பணிவில் குழைந்தது. "எனக்கு ரெண்டே வழிதான் தெரியுது. ஒண்ணு, மந்திரியோட முத்திரை பொய். அதை நான் வாயால சொல்ல மாட்டேன். இல்லைன்னா, இது தங்கமே இல்ல. பிரபுவுக்கு அறிக்கை எழுதியாகணும். எதை எழுதட்டும்னு நீங்களே சொல்லிடுங்க."

விசிறி நின்றது. எழுத்தர் தூரிகையை மையில் தோய்த்து மந்திரியின் முகத்தைப் பார்த்தார். ஈட்டிக்காரர்களும் பார்த்தார்கள். மோசுகே எசமானைப் பற்றி இதுவரை பின்னால் பேசிய எல்லாவற்றையும் மனசுக்குள் வாபஸ் வாங்கிக்கொண்டான்.

"இப்படிக் குடும்" என்றார் நகாடோ. துண்டை வாங்கி வெளிச்சத்தில் இப்படியும் அப்படியும் திருப்பினார். "பித்தளை. எவனோ போலிக்காரன் செஞ்சது." கையை வீசினார். துண்டு ஆற்றின் நடுவில் போய் விழுந்தது.

"அப்ப கொரோகு தங்கம் வாங்கலை."

நகாடோவின் தாடை இறுகியது. "வாங்கலை."

"எழுதிக்கோங்க" என்றார் உகோன் எழுத்தரைப் பார்த்து.

"இதையும் எழுது" என்று நகாடோ எழுந்தார். "கதவைத் திறந்து வெச்சது அவன்தான். அது கவனக்குறைவு. உசிரோட விடறேன். விடியற வரைக்கும் அவனுக்கு நேரம். அதுக்கப்புறம் நம்ம நாட்டுல கண்டா யார் வேணும்னாலும் குத்தலாம்."

குதிரை வந்தது. ஏறிப் போய்விட்டார். ஈட்டிக்காரர்கள் பின்னாலேயே ஓடினார்கள். மோசுகே கொரோகுவின் கயிற்றை அறுக்கும்போது தூரத்தில் சேவல் நேரத்து மணி அடித்தது.

"எசமான், உசிரைக் காப்பாத்திட்டீங்க. ஆனா நம்மகிட்ட இருந்த ஒரே அத்தாட்சி ஆத்தோட போயிடுச்சு. இனிமே மந்திரியை எப்படிப் பிடிக்கறது?"

"பிடிக்க முடியாது" என்றார் உகோன். ஜெயித்த மனிதரின் குரல் இல்லை அது. "பதினொரு பேரைக் கொன்னவன் வீட்டுல ராத்திரி சாப்பாடு நடக்கும். நான் போய் அறிக்கை எழுதணும், பித்தளைன்னு."

கொரோகு மணலில் விழுந்து கிடந்தான். குமே ஓடிப்போய் அவன் தலையைத் தூக்கினாள். இரண்டு நாள் அலைச்சலுக்குக் கூலியாக ஒரு சொட்டுக் கண்ணீரையாவது பார்க்கலாம் என்று மோசுகே பக்கத்தில் போய் நின்றான்.

"யாருடி உன்னை இதெல்லாம் கேட்டா?" என்றான் கொரோகு. "எல்லாத்தையும் கெடுத்துட்டியே!"

மோசுகேவுக்குத் தன் காதில்தான் கோளாறோ என்று தோன்றியது.

"இனி ஒரு பிடியாவது கிடைக்குமா?" கொரோகு முனகினான். "மந்திரி வாக்குக் குடுத்திருந்தாரு. நான் செத்தா, நீ இருக்கற வரைக்கும் வருஷா வருஷம் அஞ்சு ஆள் சாப்பிடற அரிசி. உனக்காகத்தான்டி ஒத்துக்கிட்டேன்!"

உகோன் குனிந்தார். "எதை ஒத்துக்கிட்டே?"

கொரோகு சட்டென்று வாயை மூடிக்கொண்டான். காலம் கடந்துவிட்டது. குமே அவன் தலையைத் தன் கையிலிருந்து மணலில் இறக்கி வைத்தாள்.

"சொல்லு" என்றாள்.

அவன் அவளைப் பார்க்காமல் சொன்னான். "ஷின்சோ ஐயாவுக்கு அன்னிக்குக் காய்ச்சல் எல்லாம் இல்ல. கீழ்க்கரைப் பாட்டுக்காரிங்க படகு வரும், தாழ்ப்பாளை நீக்கி வைன்னாரு. நீக்கினேன். அந்தப் படகுக்குப் பின்னாடியே எதிரி ஆளுங்க வந்துட்டாங்க. மறுநாள் மந்திரி வந்தாரு. பையன் பேரை எடுத்தா எனக்கும் உனக்கும் கம்பம், எடுக்காம இருந்தா உனக்கு அரிசின்னாரு."

மோசுகே தொப்பென்று மணலில் உட்கார்ந்தான். "அடப்பாவி, இதை முந்தாநாள் சொல்லித் தொலைச்சிருந்தா முப்பத்தொரு வீட்டுல திட்டு வாங்கியிருக்க மாட்டோமேடா!"

பளாரென்று ஒரு சத்தம் கேட்டது. குமே அறைந்ததில் கொரோகுவின் முகம் ஒரு பக்கமாகத் திரும்பிவிட்டது.

"அஞ்சு ஆள் அரிசியை நான் ஒருத்தி உக்காந்து தின்பேன்னு நெனச்சியா? தொண்டையில இறங்குமா அது? உன் உசிரை விக்கறதுக்கு முன்னாடி என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?" இப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. கோபமும் அழுகையும் சேர்ந்து வார்த்தை திணறியது. "எந்திரி. மலைக்கோட்டைக்கு நட. இப்ப சொன்னதைப் பிரபுகிட்ட சொல்லு."

"வாக்குக் குடுத்துட்டேன்டி."

"நீ செத்தா அரிசி. அதானே பேச்சு? நீ சாகல. அரிசியும் வராது. பேச்சை முறிச்சது அவரு. இனி என்ன வாக்கு?"

உகோன் மெதுவாக நிமிர்ந்தார். ஆற்றில் போன தங்கத்தை அவர் முகம் அடியோடு மறந்துவிட்டது. "இவன் விடியற வரைக்கும் எங்க வேணும்னாலும் போகலாம். மந்திரியே சொல்லி எழுத்துலயும் இருக்கு."

"அவரு குதிரையும் மலைப்பக்கம்தான் போச்சு எசமான்" என்றான் மோசுகே.

"அப்ப சீக்கிரம் கிளம்பு."

கொரோகு எழுந்தான், இரண்டடி வைத்தான், விழுந்தான். நாள் பூராவும் கட்டிக் கிடந்த கால்கள் மரத்துப் போயிருந்தன. குமே அவன் முன்னால் குந்தி, "முதுகுல ஏறு" என்றாள். மோசுகே அவளை ஒதுக்கிவிட்டு அவனைத் தூக்கித் தன் முதுகில் போட்டுக்கொண்டான். திட்டிக்கொண்டேதான் போட்டுக்கொண்டான். ரெண்டு நாள் இவனுக்காக நாயாக அலைந்தது போதாதென்று இப்போது மூட்டையாகவும் சுமக்க வேண்டும், அதிலும் மேட்டில்.

முதல் வளைவைத் தாண்டினார்கள். பிறகு முதுகிலிருந்து கொரோகுவின் குரல் மெல்ல வந்தது.

"அரிசிக்காக மட்டும் இல்ல குமே. யார் சொல்லியிருந்தாலும் தாழ்ப்பாளை நீக்கினது என் கைதானே. பதினொரு பேரு."

முன்னால் நடந்துகொண்டிருந்த குமே திரும்பிப் பார்க்கவில்லை.

"தெரியும்" என்றாள். "அதையும் சேத்துச் சொல்லு."